சுகமில்லை என்று எழுதினேன்

எங்கள் ஆட்களிடம் ஒரு பொய் இருக்கிறது. அதைப் பொய் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கலியாண வீட்டுக்குப் பிள்ளை வரவில்லையா? "அவளுக்குச் சுகமில்லை." யாருடையதோ அரங்கேற்றத்துக்குப் போக மனமில்லையா? "சரியான காய்ச்சல், எழும்ப ஏலாமல் கிடந்தனான்." சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். "ஐயோ, கவனமா இருங்கோ" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். என்ன காய்ச்சல், எந்த டொக்டர் என்று துருவிக் கேட்பது மரியாதை இல்லை. வீட்டுச் சண்டை, மார்க்ஸ் குறைவு, காதல், விசாப் பிரச்சினை எல்லாவற்றையும் மூட இந்த ஒரு போர்வை போதும். நானும் அதற்குள் பல தடவை படுத்திருக்கிறேன்.

ஆகவே மகளைப் பற்றி அந்தப் பொய்யை எழுதியபோது என் கை தயங்கவில்லை. எழுதியது கலியாண வீட்டுக்காரருக்கு அல்ல. அவள் ஒன்லைனில் விளையாடும் விளையாட்டில் அவளுக்காகக் காத்திருந்த நான்கு பிள்ளைகளுக்கு. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. இப்போது பதினேழு. பிள்ளை வளர்ந்துவிட்டாள். நான் செய்த வேலை மட்டும் நேற்றுச் செய்ததுபோல் கிடந்து உறுத்துகிறது.

நாங்கள் வென்ட்வேர்த்வில்லில், ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில், இரண்டு அறை யூனிற் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு வெயர்ஹவுஸ் ஒன்றில் இரவு வேலை. அது முடிய, காலையில் ஓர் அலுவலகத்தில் கிளீனிங். மத்தியானம் வந்து படுத்தால் மாலை ஆறரைக்குத்தான் எழும்புவார். எனக்கு வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. இரண்டு மணிக்குப் போனால் எட்டரைக்கு வருவேன். பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்று இருவரும் யோசித்துத்தான் ஷிப்டுகளை அப்படி எடுத்தோம். "எங்கட வீட்டிலை எப்பவும் ஒராள் நிக்கும்" என்று கோயிலில் பெருமையாகச் சொல்வேன். நிற்கிற அந்த ஓர் ஆள் நித்திரை என்பதைச் சொல்வதில்லை.

அவள் பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறக்கும்போதே வாயை மூடப் பழகியிருந்தாள். ஆறு வயதில் நான்தான் பழக்கினேன். "அப்பா படுக்கிறார், சத்தம் போடாதை." சுவர் மெல்லிசு. கணவரோ ஒருமுறை எழும்பிவிட்டால் பிறகு கண் மூடாத மனிதர். மைக்ரோவேவ் "பீப்" என்று கத்துவதற்கு ஒரு விநாடி முன்பே அதன் கதவைத் திறந்துவிட அவளுக்குத் தெரியும். குசினிக் கதிரையை இழுக்காமல் தூக்கி வைப்பாள். வருகிறவர்கள் எல்லோரும் "என்ன அமைதியான பிள்ளை" என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஒன்பது வயதில், கார்ட்டூன் பார்க்கும் சத்தமும் கேட்கக்கூடாது என்று நானே கடைக்குப் போய் ஒரு ஹெட்போன் வாங்கி அவள் தலையில் மாட்டிவிட்டேன். ஐந்து வருடம் கழித்து, இந்தப் பிள்ளை எந்த நேரமும் ஹெட்போனைக் கழற்றுவதில்லை என்று ஊரெல்லாம் முறையிட்டவளும் நான்தான்.

அந்த விளையாட்டை நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து காடு, மலை, பாழடைந்த கோட்டை என்று போவார்கள். நான்கு பேர் முன்னால் நின்று பூதங்களோடு அடிபடுவார்கள். இவள் பின்னால் நின்று, அடிபட்டு விழுகிறவர்களுக்கு மருந்து கொடுத்து எழுப்புவாள். இவள் இல்லாவிட்டால் அவர்களால் ஓர் அடி போக முடியாது. பள்ளிக்கூட நாட்களில் நாலரைக்குக் கூடுவார்கள். என் லீவு நாளில் நான் புட்டு அவித்து வைத்துவிட்டுக் கூப்பிட்டால், திரும்பாமலே ஒரு விரலைக் காட்டுவாள்.

"ஒரு நிமிசம் அம்மா."

"நிப்பாட்டிப் போட்டு வா. சாப்பாடு ஆறுது."

"இதை நிப்பாட்ட ஏலாது அம்மா. நான் போனா அவையள் செத்துப் போயிடுவினம்."

"செத்தால் சாகட்டும்!"

இதுதான் எங்களுக்குள் கிட்டத்தட்ட ஒரு வருடம் நடந்த கதை முழுவதும். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில். அவளுக்குப் போதை பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். நான் மட்டுமா சொன்னேன்? கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்ற எல்லா அம்மாக்களும் அதைத்தான் சொன்னார்கள். ஒருவர் வைஃபையைப் பூட்டச் சொன்னார். ஒருவர் நேர்த்தி வைக்கச் சொன்னார். எதற்காக விளையாடுகிறாய் என்று பிள்ளையிடம் கேட்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த விளையாட்டைச் செய்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு நாள் போகாவிட்டால் அதுவரை சேர்த்த ஏதோ ஒன்று அறுந்துபோகுமாம். இன்றைக்கு வந்தால் ஒரு பரிசு, நாளைக்கும் வந்தால் அதைவிடப் பெரிய பரிசு. அதையெல்லாம் பிறகு நான் விசாரித்து அறிந்தேன். ஆனால் அந்தப் பரிசுகளைப் பற்றி அவள் ஒருநாளும் என்னோடு கதைத்ததில்லை. அவள் கதைத்ததெல்லாம் "அவையள்" பற்றித்தான். "அவையள் பாத்துக்கொண்டு நிப்பினம்." "அவையளுக்கு நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டன்." என் காதில் அது விழுந்தது. உள்ளே போகவில்லை.

எனக்கு விளங்கியிருக்க வேண்டும். லீவு நாளில் வேலையிடத்திலிருந்து போன் வரும். "ஆள் குறைவு. அந்த வார்டுக்கு உன்னைவிட்டால் வேறு யாரும் சரிவராது, வரமுடியுமா?" நான் கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு ஓடுவேன். கணவர் ஏசுவார். காசுக்காக என்று அவருக்குச் சொல்வேன். உண்மை அது மட்டும் இல்லை. பஸ்ஸிலும் கடையிலும் என் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட ஆள் இல்லாத நாட்டில், என்னைப் பெயர் சொல்லி "நீ வேண்டும்" என்று அழைக்கிறார்கள். அதற்குத்தான் ஓடினேன். மகளும் அதற்குத்தான் ஓடினாள். என் ஓட்டத்துக்குப் பெயர் உழைப்பு, அவள் ஓட்டத்துக்குப் பெயர் போதை.

பள்ளிக்கூட ரிப்போர்ட் வந்தது. கணக்கில் இறங்கியிருந்தாள். இரண்டு பாட வேலைகளைச் செய்து கொடுக்கவே இல்லை என்று எழுதியிருந்தது. படகில் வந்து, தற்காலிக விசாவில் வருடக்கணக்காகத் தவம் கிடந்து, யாருக்காக இந்தத் தட்டுகளைத் தூக்குகிறேன் என்று கத்தினேன். கத்தினேன் என்றால், மெதுவாகத்தான் கத்தினேன். அவர் படுத்திருந்தார்.

அவளுக்குச் சொல்லாமல் பரமட்டாவில் ஒரு ரியூஷன் வகுப்பில் பெயர் பதிந்தேன். முதல் வகுப்பு நாலரை மணிக்கு. அன்று எனக்கு லீவு. பள்ளிக்கூட வாசலில் காத்து நின்று, அவளை அப்படியே ரெயினில் ஏற்றினேன். எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் அவள் முகம் வெளிறிப்போனது.

"அம்மா, இண்டைக்கு மட்டும் வேண்டாம். இண்டைக்குப் பெரிய கோட்டை. ரெண்டு கிழமையா எல்லாரும் ஆயத்தப்படுத்தினது."

"போனைத் தா."

"ஒரு மெசேஜ் மட்டும் போடுறன். வரமாட்டன் எண்டு சொல்லாட்டி அவையள் பாத்துக்கொண்டு நிப்பினம். பிளீஸ் அம்மா."

"ஆர் அவையள்? உன்ரை மாமன் மச்சானோ?"

ரெயினில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போனைத் தந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு மெசேஜ், ஒரே ஒரு வரி. அதை நான் அனுப்ப விட்டிருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

அவளை வகுப்பில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். லப்டொப்பைத் திறந்தேன். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். அவள் எதையும் ஒளித்ததில்லை. அந்த விளையாட்டை அழித்துவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். திறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக மெசேஜ்கள் வந்து விழுந்தன. எங்கே இருக்கிறாய். நாங்கள் வாசலில் நிற்கிறோம். ஒன்றும் அவசரமில்லை, காத்திருப்போம். நீ நலமா?

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எனக்கு வழி கிடைத்தது. என் உடைந்த ஆங்கிலத்தில் எழுதினேன். நான் அவளுடைய அம்மா. அவளுக்குச் சுகமில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இனி விளையாட வரமாட்டாள். தயவுசெய்து மெசேஜ் அனுப்ப வேண்டாம்.

ஆஸ்பத்திரி என்று ஏன் எழுதினேன்? வெறும் சுகமில்லை என்றால் நாளைக்குத் திரும்பக் கேட்பார்கள் என்று நினைத்தேன். நாள் முழுவதும் என் வாயில் கிடக்கிற சொல்லும் அதுதான். எழுதி அனுப்பிவிட்டு, பதிலைப் பார்க்காமல் விளையாட்டை அழித்தேன். பிறகு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். பெரிய அலுவல் ஒன்றை முடித்ததுபோல் இருந்தது.

அவள் வந்ததும் சொன்னேன்.

"அவையளுக்கு நான் சொல்லிப்போட்டன். இனி நீ வரமாட்டாய் எண்டு."

"என்னெண்டு சொன்னீங்கள்?"

"வரமாட்டாள் எண்டு சொன்னனான். வேறை என்ன சொல்லக்கிடக்கு?"

அவள் அழுவாள், கதவை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. "ஓகே" என்றாள். இனி விளையாடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூட வேலைக்கென்று லப்டொப்பைத் திருப்பிக் கொடுத்தேன். நாலு கிழமை சத்தியத்தைக் காப்பாற்றினாள். ரியூஷனுக்குப் போனாள். கணக்கில் மார்க்ஸ் ஏறியது. நான் கோயில் வரிசையில் நின்று மற்ற அம்மாக்களுக்குப் புத்திமதி சொன்னேன். வீட்டில் அவள் என்னோடு கதைப்பது ஓம், இல்லை, போயிட்டு வாறன் என்ற அளவுக்கு வந்திருந்தது. அதையும் அமைதி என்றே எடுத்துக்கொண்டேன். என்னைப்போல் ஒரு மடைச்சி இருக்கமாட்டாள்.

ஐந்தாவது சனிக்கிழமை. மத்தியானம் ஒன்றே கால் இருக்கும். நான் வேலை உடுப்பைப் போட்டு, சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் படுத்திருந்தார். மகள் அறை வாசலில் வந்து நின்று, வாயைத் திறக்காமல் கையால் என்னைக் கூப்பிட்டாள். முகத்தைப் பார்த்ததும் ஒற்றைச் சப்பாத்தோடு எழும்பிப் போனேன்.

லப்டொப்பில், நான் அழித்த அந்த விளையாட்டு மறுபடி திறந்திருந்தது. எனக்கு ஏச வாய் வந்தது. அதற்கு முன் அவள் சொன்னாள்.

"விளையாட வரேல்லை அம்மா. சொல்லாமல் கொள்ளாமல் வந்திட்டன், அதாலை ஒருக்கா குட்பை சொல்லுவம் எண்டு போனனான்."

திரையில் ஒரு குளக்கரை. அவர்கள் கூடும் இடமாம். ஒரு கல்லைச் சுற்றி நான்கு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த விளையாட்டில் ஒரு விளக்கு ஒரு நாள்தான் எரியும், பிறகு அணைந்துவிடும் என்றாள். நாலு கிழமையாக நான்கு பேரும் தினமும் வந்து புதிதாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில்தான் இவள் எப்போதும் நிற்பாளாம்.

பிறகு மெசேஜ்களைக் காட்டினாள். பதில் எழுதத் தேவையில்லை, வாசித்தால் போதும் என்று ஒருவன். பேர்த்தில் வீட்டிலிருந்தே படிக்கிற பையன். அவன் தம்பி போன வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தவனாம், இரவில் லைட்டை அணைக்கமாட்டார்கள், கண்ணுக்குக் கட்ட ஏதாவது கேட்டு வாங்கு என்று எழுதியிருந்தான். மெல்பேணில் ஸ்பிரிங்வேலில் இருக்கும் வியட்நாமியப் பிள்ளை ஒருத்தி, தன் அம்மா விகாரைக்குப் பழம் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டதாக எழுதியிருந்தாள். அந்த அம்மாவை நான் கண்டதில்லை. என் பொய்க்காக அவர் தன் கையால் பழம் வாங்கிக் கழுவி, தட்டில் அடுக்கிக் கொண்டுபோயிருக்கிறார்.

"நாங்கள் இப்பவும் ரைப் பண்ணித்தான் கதைக்கிறோம்" என்று ஒரு மெசேஜ். "நீ வருவதற்கு முன் வாயால் கதைத்துப் பழகிவிடக்கூடாது."

எனக்கு விளங்கவில்லை. "ஏன் ரைப் பண்ண வேணும்?" என்று கேட்டேன்.

"மத்தவை எல்லாம் மைக்கிலை கதைச்சுத்தானே விளையாடுறது. எனக்குக் கதைக்க ஏலாது. அப்பா நித்திரை எண்டு சொன்னனான். அதாலை அவையளும் மைக்கை ஓஃப் பண்ணிட்டு ரைப் பண்ணுவினம்." பிறகு சொன்னாள், "செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு ஓஃப், அண்டைக்கு அவர் வெளியிலை போனால் நான் கதைப்பன் எண்டும் அவையளுக்குத் தெரியும்."

அவருடைய வேலை ரோஸ்டர் என் சொந்தத் தம்பிக்குத் தெரியாது. எங்களுக்கு முகம் தெரியாத நாலு பிள்ளைகள், என் மகள் வாய் திறக்க முடியாத வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்து, தங்கள் வாயையும் மூடிக்கொண்டு ஒரு வருடம் விளையாடியிருக்கிறார்கள். நான் அவளை அடக்கத்தான் செய்தேன். அவர்கள் அவளோடு சேர்ந்து அடங்கி இருந்தார்கள். அவளுடைய கட்டிலில் போய்க் குந்திவிட்டேன்.

"எனக்கு என்ன வருத்தமாம், என்ன நோயாம் எண்டு கேக்கினம்" என்றாள். "நான் சாகப்போறன் எண்டு நினைக்கினம் அம்மா."

எங்கள் ஆட்கள் என்றால் அந்தச் சொல்லை அப்படியே விட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. ஆஸ்பத்திரி என்று ஓர் அம்மா எழுதினால் ஆஸ்பத்திரிதான்.

"நான் எழுதுறன்" என்றேன். "நான்தான் பொய் சொன்னனான், பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டு உள்ளதை எழுதுறன். என்ரை பிழைதானே."

"வேண்டாம்."

"ஏன் பிள்ளை?"

"நீங்கள் பொய் சொன்னீங்கள் எண்டு அவையளுக்குத் தெரிய வேண்டாம்." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் உங்களைப் பற்றி நல்லா எல்லோ சொல்லி வைச்சிருக்கிறன்."

இதற்குப் பதில் அவள் என்னை அடித்திருக்கலாம். நான் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் அடுத்ததைக் கேட்டாள், வகுப்பில் ரீச்சரிடம் கேட்பதுபோல.

"ஒராள் நாலு கிழமை ஆஸ்பத்திரியிலை இருந்து சுகமாகி வாறதெண்டால் என்ன வருத்தமா இருக்கும்? உங்களுக்குத் தெரியும்தானே."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பொய்யைப் பொய்யால் மூடாதே, நானே எழுதுகிறேன் என்று லப்டொப்பைப் பறித்திருக்க வேண்டும். அவள் ஆசைப்பட்டதைப் பறிக்க மட்டும் என் கைக்குப் பலம் இருந்தது. என் மானத்தைக் கொடுக்க இருக்கவில்லை. தட்டுத் தூக்கித் திரிந்த வார்டுகளை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு, "அப்பெண்டிக்ஸ் வெடிச்சு, உள்ளுக்குக் கிருமி பரவினதெண்டு போடு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ரைப் பண்ணத் தொடங்கினாள். என் வாழ்க்கையில் பிள்ளைக்கு நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

அனுப்பி ஒரு நிமிடம் ஆகவில்லை. குளக்கரையில் ஒரு சின்ன உருவம் ஓடி வந்தது. நான் எழும்பி மகளுக்குப் பின்னால் போய் நின்றேன். ஸ்பிரிங்வேல் பிள்ளை. கல்லைச் சுற்றிச் சுற்றித் துள்ளியது. எழுத்துகள் பிழை பிழையாக வந்து விழுந்தன. உயிரோடு இருக்கிறாயா. அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், அவள் குசினியில் அழுகிறாள். இன்னும் நோகிறதா?

கொஞ்சம், என்று மகள் எழுதினாள்.

பயமாக இருந்ததா?

ஓம்.

ஆஸ்பத்திரியில் உன்னோடு யார் இருந்தார்கள்?

மகளின் விரல்கள் நின்றன. நான் பின்னால் நிற்கிறேன் என்பதை மறந்துவிட்டாளோ, இல்லை மறக்கவில்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் துணிவில்லை. பிறகு வேகமாக, ஓர் எழுத்தையும் திருத்தாமல் எழுதினாள்.

என் அம்மா. நாலு கிழமையும் வேலைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே இருந்தவ.

உள்ளே அவர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. மணி ஒன்றே முக்கால். நான் வேலை உடுப்போடு, ஒற்றைச் சப்பாத்தோடு அதை வாசித்துக்கொண்டு நின்றேன்.